கணிப்பொறித் திரையில் பொத்தான்களின் தோற்றம்

பெங்களூர் நகரின் அல்சூர்ப் பகுதியைச் சேர்ந்த ஜோகுபாளையத்தில் கன்னடமும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. இத்தகைய ஓரிடத்தில், தமிழில் இயங்கும் ஓர் அலுவலகக் கணிப்பொறி இருப்பதாகக் கொள்வோம். பதிவு ஒன்றை அழிப்பதற்கு முன் திரையில் இரு பொத்தான்கள் தோன்றுகின்றன. ஒன்றில் 'நீக்கவும்' என்றும் மற்றதில் 'நீக்க வேண்டாம்' என்றும் எழுதப்பட்டுள்ளன. பொத்தானின் அகலம் குறுகிய ஆங்கிலச் சொல்லுக்கென முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பின், பின்னது 'நீக்க' என்ற அளவில் வெட்டுண்டு நிற்கக்கூடும். மறுப்பு இறுதியில் வருவது தமிழின் இயல்பு. கன்னடத்தின் இயல்பும் அதுவே. ஆகவே, இடம் போதாமையால் பொருளே தலைகீழாகிவிடுகிறது. தோற்றம் என்பது அலங்காரம் மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

பொத்தானை அழுத்தினால் நிகழ வேண்டிய செயல் வேறு. அதன் நிறம், அளவு, விளிம்பு ஆகியவை வேறு. இவ்விரண்டையும் பிரித்து எழுதுவதே நல்ல முறை. 'க்யூட்டி' என்னும் கருவித்தொகுதியின் 4.2-ஆம் பதிப்பு, 2006-ஆம் ஆண்டில், தோற்றத்தைத் தனி விதிகளாக எழுத வழிசெய்தது. 'ஜிடிகே' தொகுதியின் 3-ஆம் பதிப்பும் 2011-இல் இத்தகைய முறையை மேற்கொண்டது.

ஒவ்வொரு விதியிலும் மூன்று உறுப்புகள் உண்டு: எவ்வுறுப்பைக் குறிக்கிறது, அதன் எப்பண்பை மாற்றுகிறது, அப்பண்புக்கு என்ன மதிப்பு அளிக்கிறது என்பன அவை. பொத்தான் ஒன்றின் மேல் நான்கு செவ்வகங்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருப்பதாகக் கருதலாம். நடுவில் வாசகமும், அதைச் சுற்றி உள்ளிடைவெளியும், அடுத்து விளிம்பும், எல்லாவற்றிற்கும் வெளியே புறவெளியும் அமையும். அகலத்தை மாறாத எண்ணாக விதியாமல், வாசகத்தை அளந்து அமைக்கும் பொறுப்பைக் கருவித்தொகுதிக்கே விட்டுவிடுதல் நலம். உயரத்திற்கும் இது பொருந்தும். இடம் குறைந்தால் தமிழின் மேற்புள்ளி மறையும். அப்போது 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். கன்னடத்திலோ எழுத்தின் கீழே அமையும் ஒத்தெழுத்துக்கள் வெட்டுண்ணும்.

பொத்தானுக்குப் பல நிலைகள் உள்ளன. இயல்பு நிலை, சுட்டி மேலே நிற்கும் நிலை, அழுத்தப்பட்ட நிலை, செயலற்ற நிலை ஆகியவை அவற்றுள் சில. அழுத்தும்போது சுட்டியும் மேலேயே நிற்பதால் இரு விதிகள் ஒருங்கே பொருந்தும். க்யூட்டி முறையில், சம வலிமையுடைய விதிகளுள் பின்னால் எழுதப்பட்டதே வெல்லும். ஆதலால் அழுத்தப்பட்ட நிலைக்குரிய விதியைப் பின்னர் எழுத வேண்டும். மாற்றி எழுதினால், அழுத்தியதற்கு எந்த அறிகுறியும் தோன்றாது.

நிறத்தைத் தெரிந்தெடுப்பதிலும் கவனம் தேவை. வலைப்பக்கங்களுக்கென 2008-இல் வெளியான அணுகல் நெறிமுறை, சாதாரண அளவிலான எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டை வேண்டுகிறது. வெண்மையின் மேல் கருமைக்கு இவ்விகிதம் 21-க்கு 1 ஆகும். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதோரும் உளர். ஆதலின் நிறத்தை மட்டும் கொண்டு ஆபத்தை உணர்த்தலாகாது. சொல்லும் உடன் நிற்க வேண்டும்.

விதிகளை எழுதி முடித்தபின் மிக நீண்ட தமிழ் வாசகத்தை இட்டு, எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, சாளரத்தைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் 'வேண்டாம்' என்ற சொல் முழுமையாகத் தெரியுமாயின் அப்பொத்தான் செவ்வனே அமைந்தது எனலாம்.