தீபாவளிப் பலகாரத்துக்குப் புதிதாக அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு

வீட்டிலேயே முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு செய்து விற்கப் போகிறேன், விளம்பரத்துக்குக் கையில் ஐந்தாயிரம்தான் தேறும் என்று வருகிற தம்பி, தங்கச்சிகளுக்கு நான் சொல்வது இதுதான்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, சம்பளக்காரர் கை வற்றிக் கிடக்கும் மாசக் கடைசி. 2025-ல் அக்டோபர் 20. 2026-ல் நவம்பர் 8, சம்பளம் வந்த சூட்டோடு பண்டிகை. காசு புரளும் நாள் வருஷத்துக்கு வருஷம் மாறும். மில்லோ பனியன் கம்பெனியோ உள்ள ஊரென்றால், போனஸ் எப்போது என்று அங்கே வேலை பார்க்கிறவர்களிடமே விசாரியுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே உங்கள் விலைப்பட்டியல் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். நாலு நாள் பிந்தினால் போனஸ் ஜவுளிக்கடைக்கும் பட்டாசுக்கடைக்கும் போயிருக்கும்.

2. ஆயுத பூஜையை விட்டுவிடாதீர்கள். தீபாவளிக்குச் சுமார் இருபது நாள் முன்னால் வருகிறது. அன்றைக்கு லேத் பட்டறை, ஜெராக்ஸ் கடை, மெக்கானிக் ஷெட் எல்லாம் கழுவித் துடைத்து, முதலாளியே பொரி, சுண்டல் கொடுத்துக்கொண்டு நிற்பார். கை முறுக்கு நாலு, மைசூர்பாகு ஒரு துண்டு, விலைப்பட்டியல் ஒன்று, இவ்வளவையும் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கே ஆர்டர் கேட்க வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் போய், "பசங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் எத்தனைண்ணே?" என்று கேளுங்கள். வேலையாட்களுக்குக் கொடுக்க அவர் எப்படியும் எங்கேயாவது வாங்கத்தான் போகிறார். அப்படி ஒரு பட்டறை அமைந்தால், தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுக்கிற அலைச்சல் மிச்சம்.

3. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்குத்தான் செய்தியும் போகும். ஆகவே சாம்பிள் கொடுக்கும்போதே, உங்கள் கண்ணெதிரில் நம்பரை சேவ் பண்ண வையுங்கள். கூச்சப்பட்டால் வேலைக்கு ஆகாது.

4. வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பலகாரப் படம் உங்கள் அடுப்படியில், பகல் வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும்.

5. தள்ளுபடி அறிவிக்காதீர்கள். பெரிய கடைக்காரரோடு விலையில் மோதினால் எண்ணெய்க் காசுகூடத் தேறாது. சீக்கிரம் பாதிப் பணம் கட்டி ஆர்டர் கொடுப்பவருக்குக் கால் கிலோ ஓமப்பொடி இனாம் என்று சொல்லுங்கள். அந்த முன்பணத்திலேயே கடலைமாவும் நெய்யும் வாங்கிவிடலாம். வட்டிக்குக் கை நீட்ட வேண்டியதில்லை.

6. எடை போடும்போது காலி அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு இனிப்பை வையுங்கள். வாங்குகிறவர் அதைப் பார்க்கட்டும். பெட்டியையும் சேர்த்து நிறுத்துக் கொடுத்ததில் ஏமாந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். நீங்கள் இப்படி நிறுப்பதைத்தான் நாலு வீட்டில் பேசுவார்கள். பெட்டி மேல் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணும் செய்த தேதியும் இருக்கட்டும். கம்பெனி ஆர்டருக்குப் போனால் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

7. தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பே ஆர்டரை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வருகிறவரிடம், கைவசம் உள்ளது இவ்வளவுதான் என்று சொல்லி விற்கலாம். பண்டிகை முடிந்த வாரமே வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எது தீர்ந்தது, எது மிஞ்சியது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். அப்படியே கார்த்திகைப் பொரி உருண்டைக்கும் ஆர்டர் பிடித்துவிடலாம்.