நதிப் பயணத்துக்கு நாள் குறிப்பது எப்படி?

வங்கத்தில் வாழும் நம்மவர் வீட்டுக்கு ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம் என்று ஒரு சுற்று உண்டு. இப்போது கங்கையில் கப்பலில் நாலைந்து நாள் போய்வர வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்திருக்கிறது. 2023 ஜனவரியில் ‘கங்கா விலாஸ்’ வாரணாசியிலிருந்து திப்ருகருக்கு 51 நாள் பயணம் கிளம்பிய செய்தி இந்த ஆசையை வளர்த்தது. விவரம் கேட்கும் சங்க நண்பர்கள் கட்டணத்தையும் அறை வசதியையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். முதலில் ஆற்றை விசாரியுங்கள் என்பதே என் பதில். வயதான பெற்றோருக்கு இது ஒரே முறை வாய்க்கும் பயணமாக இருக்கலாம்.

மாதம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் வெள்ளமும். ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்தில் ‘கால்பைசாகி’ என்னும் புயல்காற்று திடீரென்று கிளம்பும்; ஆற்றில் இருக்க வேண்டிய நேரமல்ல. டிசம்பர், ஜனவரியில் வானிலை இதமானது. ஆனால் காலை மூடுபனி விலகும்வரை படகு நகராது. பள்ளி விடுமுறையையும் கணக்கில் கொண்டால், துர்கா பூஜை முடிந்து தீபாவளி வரையுள்ள நாட்களே நமக்கு ஏற்றவை. விஜயதசமியன்று மட்டும் வேண்டாம். படித்துறைகளில் சிலை கரைக்கும் கூட்டம் நிற்க இடம் தராது.

நாள்

ஹூக்ளியில் கடலின் ஏற்றமும் வற்றமும் நவத்வீபம் வரை எட்டுகின்றன. வங்காளிகள் இவற்றை ஜோவார், பாட்டா என்பார்கள். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக உயரும், வற்றமும் மிகத் தாழும். சில சமயம் ‘பான்’ என்னும் பேரலை சுவர்போல் எழுந்து ஆற்றுக்குள் ஏறி வரும். அதன் வேகம் கரையோரத்தில் அதிகம் என்பதால் சிறு படகுகள் நடு ஆற்றுக்கு விலகிவிடும்.

ஆகவே நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே நல்ல வழிகாட்டி. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் சற்று அடங்கியிருக்கும். என் மாமியாருக்கு முழங்கால் வலி. ஏற்றத்தின்போது நாலு படியில் கரையேறிய அதே படித்துறையில், வற்றத்தின்போது சேறு படிந்த இருபது படிகளை அவர் ஏற வேண்டியிருந்தது. எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறக்குவீர்கள், அப்போது ஏற்றமா வற்றமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

நவத்வீபத்துக்கு மேலே கடலின் கை எட்டாது. அங்கே ஆற்றின் பெயர் பாகீரதி. 1975-ல் செயல்படத் தொடங்கிய ஃபராக்கா அணையிலிருந்து சுமார் 38 கி.மீ. நீளக் கால்வாய் வழியாக வரும் கங்கை நீரே கோடையிலும் அதற்கு ஆதாரம். மணல் திட்டுகள் இடம் மாறும். முர்ஷிதாபாத் வரை போவதானால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய அன்றே ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள்.

இறங்கும் இடங்கள்

பிள்ளைகளுக்கு இது நல்ல சரித்திரப் பாடம். டேனிஷ்காரர்களிடம் இருந்த ஸ்ரீராம்பூர், நம் தரங்கம்பாடியோடு சேர்த்து 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. சந்தன்நகர், புதுச்சேரியைப் போல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. டச்சுக்காரர்களின் சின்சுரா, 1824 ஒப்பந்தப்படி நம் பழவேற்காட்டைப் போலவே ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்கும் மேலே பேண்டலில் போர்ச்சுகீசியர் தேவாலயம், கால்னாவில் 108 சிவாலயங்கள், 1757 போர் நடந்த பிளாசி. எல்லா இடத்திலும் இறங்க வேண்டாம். பெரியவர்களுக்கு நாளுக்கு ஓர் ஊர் போதும்.

பணம் கட்டுமுன்

1. படகின் பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு மூன்றையும் கேளுங்கள். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இவற்றைக் கோருகிறது.

2. தலைக்கு ஓர் உயிர்காப்பு அங்கி உண்டா? குழந்தை அளவிலும் உண்டா?

3. மூடுபனியாலோ நீர்க் குறைவாலோ பயணம் சுருங்கினால் எவ்வளவு பணம் திரும்பும்? எழுத்தில் வாங்குங்கள்.

4. நுழைவுக் கட்டணமும் கரையில் வண்டிச் செலவும் சேர்ந்ததா? ‘எல்லாம் சேர்த்துத்தான்’ என்று சொன்ன ஒரு முகவர், பிறகு எங்களிடம் இரண்டையும் தனியாக வாங்கினார்.

5. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தயிர்சாதத்துக்கும் சொல்லி வையுங்கள்.

பெரிய தொகை கட்டத் தயக்கமா? ஒரு ஞாயிறு ஹௌராவிலிருந்து புறநகர் ரயிலில் ஸ்ரீராம்பூர் போய், ஊரைச் சுற்றிப் பார்த்து, படகில் பாரக்பூருக்குக் கடந்து, சியால்தா ரயிலில் திரும்புங்கள். பெரியவர்களுக்குப் படகும் படித்துறையும் ஒத்துக்கொள்கின்றனவா என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும். ஒத்துக்கொண்டால் காலண்டரைப் பார்த்து நாள் குறியுங்கள். பயணம் இனிதாக அமையட்டும்!