கருவைத் திருத்துதலும் இராகுலன் பெற்ற பாடமும்

பகவான் புத்தர் தம் மைந்தன் இராகுலனுக்கு அம்பலட்டிகையில் ஒரு பாடம் புகட்டினார். முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல, எச்செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் அறிவில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அது தனக்கோ பிறர்க்கோ துன்பம் பயக்குமாயின் விலக்கல் வேண்டும் என்பதே அது. இக்கால விஞ்ஞானம் கருவிலேயே கை வைத்துள்ளது. அதனையும் இக்கண்ணாடியிற் காண்போம்.

1978 ஜூலை 25இல் இங்கிலாந்திலும், அதே ஆண்டு அக்டோபர் 3இல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாயரின் முயற்சியாலும், உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. மகப்பேறற்றோரின் துயர் தீர்ப்பதே அங்கு நோக்கம். குழந்தையின் பரம்பரை இயல்பை எவரும் மாற்றவில்லை.

2018 நவம்பரில் வெளிப்பட்டதோ வேறு. சீன விஞ்ஞானி ஹே ஜியான்குயி, கிரிஸ்பர் என்னும் முறையால் கருவின் மரபணுவைத் திருத்தி, இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். தந்தைக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு, தாய்க்கு இல்லை. அக்கிருமி அணுவினுள் நுழையத் துணைபுரியும் சிசிஆர்5 என்னும் மரபணுவை முடக்குவதே அவர் கூறிய நோக்கம்.

செய்யுமுன் நோக்குவோம்: இதற்கு அவசியம் உண்டா? இல்லை. விந்தைக் கழுவித் தூய்மை செய்யும் முறையினாலேயே தொற்றற்ற குழந்தையைப் பெறலாம்.

செய்யும்போது நோக்குவோம்: ஒழுக்க ஆய்வுக் குழுவின் ஒப்புதல் பத்திரம் போலியென ஷென்சென் நீதிமன்றம் கண்டது, 2019 டிசம்பரில் மூன்றாண்டுச் சிறை விதித்தது. பொய்யுரை தவிர்த்தல் பஞ்சசீலத்துள் ஒன்றன்றோ?

செய்தபின் நோக்குவோம்: திருத்தம் எல்லா அணுக்களிலும் ஒரே விதமாக அமையவில்லை என்பதை அவர் காட்டிய விவரங்களே உணர்த்தின. அம்மாற்றம் வருங்காலச் சந்ததிக்கும் செல்லக்கூடும். சம்மதம் கேட்கப்படாத குழந்தையே அதன் பயனைச் சுமக்கிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. பிறப்பினால் எவரும் உயர்ந்தோருமல்லர், தாழ்ந்தோருமல்லர் என்னும் தம்மத்தை நாம் தழுவினோம். நோய் நீக்கத் தொடங்கிய கை, நாளை பொருளுடையோர்க்கு நிறமும் உயரமும் அறிவும் தேர்ந்து தர முற்படுமாயின், திருத்தப்பட்டோர், திருத்தப்படாதோர் எனப் பிறப்பிலேயே புதியதொரு சாதி முளைக்கும். ஓர் இழிவை உதறிய நாம் மற்றொன்றுக்கு விதை தூவலாகாது.

எனினும், அவ்வாறு பிறந்த குழந்தைகள் மீது குறை ஏதுமில்லை. அவர்கள் நம் மைத்திரிக்கு உரியவர்கள். விஞ்ஞானத்தை நாம் பகைக்க வேண்டுவதில்லை. துயர் தீர்க்கும் கருணையிலிருந்து பிறந்ததா, புகழும் பொருளும் வேட்கும் ஆசையிலிருந்து பிறந்ததா என்று, ஒவ்வொரு புதுமையையும் மும்முறை நோக்கித் தெளிவோமாக.