வயோதிபரும் பேச்சுத் துணையும்



நோயாளிகளுக்கு தேவநற்கருணை கொண்டுபோகையில் பல வீடுகளில் காண்பது இது: பாட்டிக்குக் கஞ்சியுண்டு, மருந்துண்டு, பேச ஆளில்லை. பிழைக்க வழியற்ற பெற்றோர் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் பெறலாம். பேச்சுத் துணையை எந்தச் சட்டம் பெற்றுத்தரும்?

காது மந்தமானவர் பலர் வெட்கத்தால் வாய்மூடிக் கொள்ளுகிறார்கள். நாமோ அதைப் பிடிவாதம் என்கிறோம்! கத்தவேண்டாம். வெளிச்சத்தில், முகத்துக்கெதிரே உட்கார்ந்து நிதானமாய்ப் பேசுங்கள். கீரை ஆயக் கொடுங்கள். கையில் வேலையிருந்தால் வாயும் திறக்கும். சொன்ன கதையையே சொன்னாலும் தடுக்காதீர்கள். (அப்பிழையை நானும் என் தாயாரிடம் செய்ததுண்டு.)

பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ல் ஏற்படுத்திய முதியோர் தினம் ஜூலை மாத நான்காம் ஞாயிறு. அன்று பூசை முடிந்ததும், தனியாயிருக்கும் அண்டைவீட்டுக் கிழவியிடம் அரைமணி நேரம் போயிருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.