அப்பிள் பிடுங்கப் போகிறீர்களா?

புரட்டாசி பிறந்தால் ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போகிற வாகனங்களுக்குள் எங்கள் ஆட்கள் நிறையப்பேர் இருப்பார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் போமன்வில் பக்கத்து அப்பிள் தோட்டங்கள் வந்துவிடும். போகிறவர்களில் பலர் மத்தியானம் போய்ச் சேர்ந்து, பழமில்லாத மரத்தடியில் படம் எடுத்து, அழுகிற பிள்ளையோடு திரும்புகிறார்கள். முதல் இரண்டு வருஷம் நாங்களும் அப்படித்தான் திரும்பினோம்.

புறப்பட முதல் எந்தப் பழம் பிடுங்கலாம் என்று தொலைபேசியில் கேளுங்கள். எல்லா அப்பிளும் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. மக்கின்ரோஷும் காலாவும் செப்டெம்பர் நடுவில் வரும். அதற்குப் பின்னால் ஹனிக்கிறிஸ்ப், ஒக்டோபரில் அம்புரோசியா, கடைசியில் நோர்தேர்ன் ஸ்பை. ஹனிக்கிறிஸ்ப்தான் வேண்டுமென்று ஒக்டோபர் கடைசியில் போனால் இலையைப் பார்த்துவிட்டு வரலாம். ஒக்டோபர் இரண்டாவது திங்கள் வருகிற நன்றி நவிலல் விடுமுறையில் போகவே வேண்டாம். வாகனம் நிறுத்துவதற்குள் பிள்ளைக்கு நித்திரை வந்துவிடும். சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போகிறவர்கள் ஞாயிறு காலை, தோட்டம் திறக்கிற நேரத்துக்கே போய் நில்லுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: றப்பர் பூட்ஸ், மாற்றுக் காற்சட்டை இரண்டு, சேற்று உடுப்பைப் போட ஒரு பை. தடித்த ஜக்கெற்றைக் கழற்றிவிட்டுத்தான் பிள்ளையைக் கார் இருக்கையில் கட்ட வேண்டும். ஜக்கெற்றோடு கட்டினால் வார் இறுகின மாதிரித் தெரியும், உள்ளே தொளதொளவென்று இருக்கும்.

உள்ளே போனதும் நேராக மரத்துக்குப் போங்கள். ஆடு, வைக்கோல் மலை, சோளக்காட்டுப் புதிர்வழி எல்லாம் வாசலிலேயே இருக்கும், வேண்டுமென்றுதான் அங்கே வைத்திருக்கிறார்கள். ஆட்டைக் கண்ட மூன்று வயதுக்காரரை அங்கிருந்து கிளப்ப எவராலும் முடியாது. "முதல் அப்பிள், பிறகு ஆடு" என்று வீட்டிலிருந்தே சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

பிடுங்கத் தெரியாமல்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். நாங்கள் மாங்காய்க்குக் கல்லெறிந்தும் கொய்யாக்கொப்பை வளைத்து உலுக்கியும் பழகின ஆட்கள். அப்பிள் மரத்தில் அந்த வித்தை சரிவராது. பழம் குட்டையான, முண்டுமுண்டான ஒரு சின்னக் கொப்பில் தொங்கும். அடுத்த வருஷப் பூமொட்டு அநேகமாக அதிலேயே, பழத்தின் பக்கத்தில் இருக்கும். கீழே இழுத்தால் பழம், இலை, மொட்டு எல்லாம் ஒன்றாகக் கையோடு வரும். என் மகன் ஒருமுறை அப்படி ஒரு கொத்தையே பிய்த்துக்கொண்டு வந்து பெருமையாகத் தோட்டக்காரரிடம் காட்டினான். அவர் சிரித்தார், எனக்குத்தான் முகம் வைக்க இடமில்லை.

சரியான முறை இது. பழத்தின் அடியில், காம்புக்கு எதிர்ப்பக்கம், ஒரு குழி இருக்கிறதல்லவா? அதை அப்பிளின் கண் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, அந்தக் கண் வானத்தைப் பார்க்கும்படி மேலே தூக்கி, கொஞ்சம் திருகினால் போதும். முற்றின பழம் காம்போடு கழன்று வரும். வராவிட்டால் அது இன்னும் பழுக்கவில்லை, விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளை என்றால் கொப்பை நீங்கள் பிடியுங்கள், பழம் அதன் கையில் இருக்கட்டும்.

சிவப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. வெயில் பட்ட பக்கம் எப்படியும் சிவக்கும். சிவப்பில்லாத பக்கம் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் வெளிக்கொப்புகளில்தான் முதலில் பழுக்கும். வழிக்கரை மரங்களில் எட்டுகிற உயரத்தில் ஒன்றும் மிஞ்சியிராது, பத்து வரிசை தள்ளி நடவுங்கள். நடக்கப் பஞ்சிப்பட்டுத்தான் எல்லாரும் முதல் வரிசையில் முட்டுப்படுகிறார்கள்.

பைக்கு முன்கூட்டியே காசு வாங்குகிற தோட்டங்கள் உண்டு. ஆகச் சின்னதை வாங்குங்கள். பத்து இறாத்தல் பையிலேயே முப்பது பழம் வரை கொள்ளும். பிள்ளைக்குக் கடற்கரை வாளி ஒன்று கொடுங்கள், ஐந்து பழத்தோடு அது நிறைந்துவிடும், அவருக்கும் சந்தோஷம். வாளியைப் பைக்குள் கவிழ்க்க மட்டும் விடாதீர்கள். அடிபட்ட பழம் பக்கத்துப் பழத்தையும் பழுதாக்கும்.

நிலத்தில் விழுந்த பழத்தைத் தொட விடவேண்டாம். இலையுதிர் காலத்துக் குளவிக்கு இனிப்பென்றால் பைத்தியம், அழுகின அப்பிளுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கும். திறந்த ஜூஸ் பேணியும் அதற்கு அழைப்பிதழ்தான். மட்டன் றோல்ஸும் தண்ணீரும் போதும்.

இனி ஆட்டிடம் போகலாம். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும், கைக்கு ஜெல் பூசினால் போதாது.

பூசணி வாங்கினால் காம்பில் பிடித்துத் தூக்காதீர்கள், முறியும். ஹலோவீனுக்கு முகம் வெட்டுகிற பெரிய பூசணி கறிக்கு உதவாது, வெறும் தண்ணீர். சமைக்கச் சின்ன இனிப்புப் பூசணி என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பிளைக் கழுவாமல் பிறிஜ்ஜுக்குள் வையுங்கள், கரட்டோடு சேர்க்காமல். அப்பிள் விடுகிற எதிலீன் வாயுவால் கரட் கசந்துபோகும். மக்கின்ரோஷை முதலில் தின்று முடியுங்கள், அது கெதியாக மாவாகிவிடும். ஸ்பை மாதக்கணக்கில் கிடக்கும். மிஞ்சினதில் அம்மம்மா மிளகாய்த்தூள், வினாகிரி போட்டு அச்சாறு போடுவார். அதற்கும் ஸ்பைதான் நல்லது.

பிள்ளை விதையை நடக் கேட்டால், ஈரக் கடதாசியில் சுற்றி இரண்டு மூன்று மாதம் பிறிஜ்ஜுக்குள் வைத்துவிட்டு நடுங்கள், குளிர் படாமல் அது முளைக்காது. ஆனால் மக்கின்ரோஷ் விதையிலிருந்து மக்கின்ரோஷ் வராது. 1811இல் கிழக்கு ஒன்ராறியோவின் டண்டெலாவில் ஜோன் மக்கின்ரோஷ் காடு வெட்டும்போது கண்டெடுத்த கன்றின் கொப்பை ஒட்டி ஒட்டித்தான் இன்றுவரை அந்த மரம் உண்டாகிறது.