மூன்றாவதையும் படி, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமா எழுதிக்கொள்வது.

உன் அம்மா போன் பண்ணினாள். சாப்பிட உட்கார்ந்த மச்சானைப் பார்த்து நீ 'பீஸ்கீப்பர்' என்று சொல்லிவிட்டாயாம், அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாராம். ஹங்கர் கேம்ஸ் கதையில் கேபிடல் என்கிற தலைநகருக்காகச் சாட்டை பிடிக்கிற படைக்காரன் பெயர் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பீஸ் ரேட்டில் ஏதோ கை வைக்கிறார் என்று பெற்ற மகளே சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். போனில் பேசினால் 'சரிங் மாமா, சரிங் மாமா' என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை கதைப்புத்தகம் படிக்கலாமா என்கிற உன் அம்மாவின் புகாரை நான் கணக்கில் எடுக்கவில்லை. படி. ஆனால் இரண்டாவதோடு நிறுத்திவிட்டாய் என்கிறாள். மூன்றாவது நன்றாக இல்லை என்று தோழி சொன்னாளாம். அங்கேதான் எனக்கு உன்னோடு சண்டை.

அந்த மூன்றையும் நானும் படித்திருக்கிறேன். சட்டை ஆர்டர் கொடுக்கிற பையருக்கு மெயில் போட்டே வளர்ந்த இங்கிலீஷ் என்னுடையது, அதற்கே எட்டுகிற நடைதான் சூசன் காலின்ஸ் எழுதுவது. 2008, 2009, 2010 என்று வருஷத்துக்கு ஒன்றாக வந்தன. ஒரு ராத்திரி டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் இளவட்டங்கள் பரிசுக்குப் போட்டி போட, இன்னொன்றில் ஈராக் போர் ஓட, இரண்டும் மனசில் ஒன்றோடொன்று கலந்துபோனதில் பிறந்த கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா வியட்நாம் போருக்குப் போய்வந்த விமானப்படை அதிகாரி. சண்டையை வேடிக்கையாக எழுத அவருக்கு வராது.

நம் திருப்பூர்தான் எட்டாம் டிஸ்ட்ரிக்ட் என்று நீ சொன்னதில் தப்பில்லை. கதையில் துணி நெய்து கேபிடலுக்கு அனுப்புகிற ஊர் அது. இரண்டாவது புத்தகத்தில் காட்டுக்குள் ஓடிவருகிற ட்வில், போனி இரண்டு பேரும் அந்த ஊர்க்காரர்கள்தான். மெஷின் சத்தத்தில் காதோடு காது வைத்துத்தான் அங்கே கலகப் பேச்சு பரவியது என்று வருகிற இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் ஒன்றாக ஓடி, மேலே ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டும் போகிற ஹாலில் நின்றவனுக்குத்தான் அது எவ்வளவு சரி என்று தெரியும். பஞ்சப்படி கேட்டு இந்த ஊர் 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. உன் அப்புச்சி அப்போது கட்டிங் டேபிளில் இருந்தார். அடுத்த தடவை வரும்போது அவரைப் பேசவிட்டுக் கேள். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும், பரவாயில்லை.

ஆனால் ஊருக்குப் பேர் பொருந்திவிட்டதும் ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டாய். யார் அதிபர் ஸ்னோ, யார் பீஸ்கீப்பர் என்று. அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று முதல் அத்தியாயத்திலேயே கிடக்கிறது. வேகத்தில் தாண்டியிருப்பாய்.

அரங்கத்தில் சாகும்வரை சண்டை போட அனுப்பும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கக் குடவோலை மாதிரிச் சீட்டுக் குலுக்குகிறார்களே, அதில் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு சீட்டு, வருஷம் ஒன்றாக ஏறி 18 வயதில் ஏழு. இது எல்லோருக்கும் பொது. வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளை மட்டும் தன் பெயரை இன்னொரு தடவை எழுதிப் போட்டால், ஒரு ஆளுக்கு ஒரு வருஷத் தானியமும் எண்ணெயும் கொடுப்பார்கள். டெசரா என்று பெயர். போட்ட சீட்டு அடுத்த வருஷமும் பானைக்குள்ளேயே நிற்கும். அப்படித்தான் கதாநாயகி, 16 வயது கேட்னிஸ் பெயர் 20 தடவையும், அவள் தோழன், 18 வயது கேல் பெயர் 42 தடவையும் ஏறியது. யாரும் துப்பாக்கி காட்டவில்லை, அந்தப் பிள்ளைகள் தாமாகவே எழுதிப் போட்டவை. மேயர் மகள் மேல் கேலுக்கு வருகிற எரிச்சலும் இதனால்தான். அந்த எரிச்சலே கேபிடலுக்கு லாபம் என்பதும் அவனுக்குத் தெரியும்.

இதை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். சுமங்கலித் திட்டம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். தென்மாவட்டங்களில் இருந்து உன் வயசுப் பெண்களை நம் சுற்றுவட்டார ஸ்பின்னிங் மில்களுக்குக் கூட்டிவந்தார்கள். ஹாஸ்டலில் தங்கி மூன்று வருஷம் வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. உடம்புக்கு முடியாமல் நடுவில் கிளம்பினால் அந்தத் தொகை கைக்கு வராமல் போகும். 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு இதைப் பற்றி அறிக்கை போட்டபோது பையர்களிடம் இருந்து எங்களுக்கு மெயில் மேல் மெயில். எல்லா மில்லும் அப்படி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வரதட்சணை என்ற ஒன்று வெளியே இல்லாமல் இருந்தால் அந்தத் திட்டத்துக்கு ஆளே கிடைத்திருக்காது. ஒரு அப்பன் மகளைக் கொண்டுவந்து விட்டதற்கு மில்லுக்காரர் மட்டும் காரணம் இல்லை.

இனி மச்சான் கதைக்கு வருவோம். ஒரு ரவுண்ட் நெக் டி-சர்ட்டுக்கு நான் காஸ்டிங் ஷீட் போடுகிறேன் என்று வை. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, தையல் கூலி என்று வரி வரியாக இறங்கும். போட்டு அனுப்பினால், டார்கெட் பிரைஸ் இதுதான், பத்து சென்ட் குறை என்று பையர் பதில் போடுவார். எங்கே குறைப்பது? நூலுக்கு மில் சொல்வதுதான் விலை. சாயத் தண்ணீர் நொய்யலைக் கெடுத்து, 2011 ஜனவரியில் ஐகோர்ட் பட்டறைகளையே மூடச் சொன்னதற்கு அப்புறம், சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கிற செலவு டையிங் ரேட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதிலும் கை வைக்க முடியாது. அட்டைப்பெட்டியில் காசு கணக்குத்தான் மிஞ்சும். கடைசியில் கர்சர் போய் நிற்கிற இடம் தையல் கூலி. அந்த வரிதான் மச்சானின் பவர் டேபிள் தையல் பட்டறைக்கு ஜாப் ஒர்க்காக வருகிறது. வந்ததை அவர் டைலருக்கும், கைமடிக்கும், பிசிறு வெட்டுகிற அக்காவுக்கும் பிரிக்கிறார். மெயில் போட்ட நானா, பையரா, 'ஆஃபர்' பார்த்து இரண்டாக வாங்கிப்போகிற ஜெர்மனிக்காரியா, யார் இதில் ஸ்னோ? ரோஜா வாசனையும் ரத்த வாடையுமாக ஒரு கிழவர் வந்து நின்றால் சௌகரியமாக இருக்கும். வரமாட்டார்.

அதற்காக அப்பாவை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை சம்பளம் போடும்போது பக்கத்தில் உட்கார். ஒன்றரை ஷிப்ட்டுக்கு என்ன கணக்கு, ஒடிசாவில் இருந்து வந்திருக்கிற பையன்கள் எங்கே தூங்குகிறார்கள், போன ஒப்பந்தத்தில் ஏற்றிய கூலி அந்த நோட்டில் ஏறியிருக்கிறதா என்று கேள். கோபப்படுவார். 'பீஸ்கீப்பர்' என்றதற்கு வந்த கோபம் மாதிரி இருக்காது. பதில் சொல்லியாக வேண்டிய கோபம் அது.

இன்னொன்றும் இருக்கிறது. அரங்கத்துக்குள் 24 பேரும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுகிறவரைக்கும் கேபிடலுக்குக் கவலையே இல்லை. நம் கதையும் அதுதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டரெல்லாம் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் போய்விடுமே என்று இந்த ஊரே புலம்பியது. அதற்கு முந்தின வருஷம் வங்கதேசத்தில் கலவரம் வந்து ஆட்சி கவிழ்ந்தபோது, அங்கே இருக்கிற ஆர்டர் இங்கே திரும்புமா என்று டீக்கடையில் கணக்குப் போட்டதும் இதே ஊர்தான். இப்படி அடித்துக்கொள்ளாமல் மேலே இருப்பவர்களை எதிர்த்தவர்களும் உண்டு. கேட்னிஸின் மூன்று விரல் வணக்கத்தைத் தாய்லாந்து மாணவர்கள் 2014-ல் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தூக்கிக் கைதானார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், யாங்கோனில் முதலில் தெருவுக்கு வந்தவர்களில் கார்மென்ட்ஸ் பெண்கள் இருந்தார்கள். அந்த யாங்கோனும் உன் எட்டாம் டிஸ்ட்ரிக்ட்தான், அம்மிணி. கேட்னிஸின் மாக்கிங்ஜே பறவை ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிவதைவிட, அந்தப் பெண்கள் தைக்கிற சட்டையும் நாம் தைக்கிற சட்டையும் ஒரே கடையில் ஒரே கம்பியில் தொங்குவதை யோசித்துப் பார்.

மூன்றாவது புத்தகத்தில் காதல் குறைவு, சாவு ஜாஸ்தி. தோழிக்குப் பிடிக்காததில் ஆச்சரியமில்லை. கதையைச் சொல்லிவிட மாட்டேன். எட்டாம் டிஸ்ட்ரிக்ட்டில் இருந்து பெய்லர் என்று ஒருத்தி வருவாள், அவளை மட்டும் பேசாமல் கவனித்துக்கொண்டே போ. புரட்சிக் கட்சி ஜெயித்த பிறகு ஒரு ஓட்டெடுப்பு நடக்கும், அந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டாதே. முதல் இரண்டு புத்தகமும் அந்த அறைக்குப் போய்ச் சேரத்தான்.

இதை முடித்ததும் இங்கிலீஷிலேயே அடுத்த வரிசைக்குத் தாவாமல், நம் ஊரை எழுதியவர்களையும் எடு. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' சாயக்கழிவைப் பற்றியது, 1998-ல் வந்தது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' திருப்பூர்ப் பையன்கள் ஐந்து பேர் வளர்ந்த கதை. கொஞ்சம் கனமான புத்தகம், பரீட்சை முடிந்து வைத்துக்கொள்.

மூன்றாவது புத்தகமான 'மாக்கிங்ஜே'யின் என் பிரதியைப் புதன்கிழமை அவிநாசி ரோட்டுக்கு வருகிற கம்பெனி வேனில் கொடுத்துவிடுகிறேன். ஓரத்தில் பென்சிலில் கிறுக்கியிருப்பேன், அதைப் படிக்காதே. பாதி தாண்டியதும் போன் பண்ணு. காயின் என்கிற அந்த அம்மாவை நம்பலாமா என்று நீ என்ன சொல்கிறாய் என எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
மாமா