அப்பத்தாவோடு ஒரு கும்மி

அன்புள்ள மருமகளுக்கு,

நிலைப்படி வந்ததும் அப்பத்தாவின் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, ஆனால் முளைப்பாரிக் கும்மிச் சத்தம் கேட்டதும் தானாக எட்டு வைத்தார் என்று எழுதியிருந்தாய். அது உன் பிரமை இல்லை. பார்க்கின்சன் நோயில் கால் செயலிழந்து போவதில்லை. யோசிக்காமலே நம்மை நடக்க வைக்கும் மூளைப் பகுதிக்கு டோபமைன் என்ற ரசாயனம் போதாமல், அடுத்த அடியை எப்போது எடுப்பது என்ற கணக்குத் தப்புகிறது. வெளியிலிருந்து தாளம் வந்தால் மூளை அதைப் பற்றிக்கொண்டு காலை எடுத்துவிடுகிறது.

நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001இல் இந்த நோயாளிகளுக்கென்றே வகுப்புத் தொடங்கியது. நம் நாட்டில் புனேயில் நடனக் கலைஞர் ரிஷிகேஷ் பவார் 2010 முதல் இப்படியொரு வகுப்பை நடத்திவருகிறார். ஆட்டத்தால் நோய் போய்விடாது. நடை, நிதானம், மனத்தெம்பு கொஞ்சம் மேம்படும். அதுவே பெரிய விஷயம்.

ஆனால் நீ பள்ளி விழாவில் சொல்லிக்கொடுப்பதுபோல அப்பத்தாவுக்கு அடவு சொல்லிக்கொடுக்கக் கூடாது. நடனத்தையே சிகிச்சையாக்க வழிபோட்ட மேரியன் சேஸ், 1942இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் வேலை தொடங்கினார். நோயாளி எப்படி அசைகிறாரோ அதைத் தன் உடம்பில் வாங்கி முதலில் அவரும் அப்படியே அசைவார். வாய் திறக்காதவர்களுக்கும் ‘என்னை ஒருத்தி கவனிக்கிறாள்’ என்று அதில் புரியும். கொல்கத்தாவில் 2004 முதல் இயங்கும் சன்வேத் அமைப்பு, கடத்தலிலிருந்து மீண்ட பெண்களோடு நடனத்தின் வழியே வேலை செய்கிறது. அங்கே பயின்றவர்களே பிறகு பயிற்சியாளர்களாகவும் ஆகியிருக்கிறார்கள்.

நீயும் சேஸ் செய்ததுபோலவே தொடங்கு. கை இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்; கனமான மர நாற்காலியில் அவரை உட்காரவைத்து எதிரே உட்கார். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் காலமெல்லாம் காய் எடுத்த கை அது. ஏலச்செடியில் காய் தூரடியில், தரையை ஒட்டிய சரத்தில்தான் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சரத்தைத் தேடும் கை, காயைக் கிள்ளும் விரல், கூடையில் போடும் வீச்சு எல்லாவற்றையும் அவர் செய்துகாட்டட்டும். நீ பார்த்துச் செய். இந்த நோய் அசைவைச் சுருக்கிவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நீ கையை இன்னும் கொஞ்சம் அகலமாக வீசு, அவரும் வீசுவார். பிறகு கும்மித் தாளத்தை மெதுவாகத் தட்டு. அவருக்குத் தெரிந்த பாட்டை அவரே எடுத்துக்கொடுக்கட்டும். தாளம் பிடிபட்ட பிறகு, டாக்டரும் சரி என்றால் எழுந்து நிற்கலாம், அப்போது பக்கத்தில் உன் அப்பா இருக்க வேண்டும். கும்மியில் சுற்றித் திரும்பும் இடம் ஆபத்து. ஒரே காலில் சுழலவிடாதே, சின்னச் சின்ன அடியாக வளைந்து வரட்டும்.

மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். ஆடுகிறோமே என்று ஒரு வேளை மாத்திரைகூட விடக் கூடாது. அடுத்த முறை தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது, எழுந்து நின்று ஆடலாமா என்று டாக்டரிடம் கேள். கால் எந்தெந்த இடத்தில் ஒட்டுகிறது என்று இப்போதிருந்தே நோட்டில் குறித்துவை, அவர் கட்டாயம் கேட்பார்.

அன்புடன்,
அத்தை